இது உன் முறை, ராஜா

எல்லாரும் உட்கார்ந்தாயிற்றா? கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டுவிடுங்கள். இது தாகத்தைப் பற்றிய கதை, தூக்கத்தைப் பற்றியது அல்ல.

வெகு காலத்துக்கு முன்னால், இரண்டு பெரிய நதிகளுக்கு நடுவே கிஷாரி என்று ஒரு பட்டணம் இருந்தது. மருந்துக்குக்கூடக் கல் கிடைக்காத பூமி. ஆனால் களிமண் உண்டு, நாணல் உண்டு, பேரீச்சை உண்டு. களிமண்ணைச் செங்கல்லாக்கி வீட்டையும் கட்டினார்கள், கோயிலையும் கட்டினார்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் மதிலையும் கட்டினார்கள். இத்தின் என்ற ராஜா அந்தப் பட்டணத்தை ஆண்டார்.

ராஜா இருக்கட்டும், அப்புறம் வருவார். நம்முடைய ஆள் வேறு ஒருவன்.

மதிலைத் தாண்டி, வயலைத் தாண்டி, பேரீச்சந்தோப்பையும் தாண்டிப் போனால் ஒரு புல்வெளி. அங்கே ஒரு மனிதன் மான்களோடு மானாக வாழ்ந்தான். அவனைப் பெற்றது யார், போட்டுவிட்டுப் போனது யார், யாருக்கும் தெரியாது. பால் கொடுத்தது ஒரு பெண்மான், அது மட்டும் தெரியும். உடம்பெல்லாம் ரோமம், இடுப்பு வரைக்கும் சடை. ஆள் பார்க்கத்தான் பயங்கரம். மேலே வந்து உட்கார்ந்த வெட்டுக்கிளியைக்கூடத் தட்டிவிட மாட்டான். ஆடு மேய்க்கிறவர்கள் பேசுவதைத் தூரத்திலிருந்து கேட்டுக் கேட்டு அரைகுறையாகப் பேச்சும் வந்திருந்தது.

மான் கூட்டத்தில் மூன்று வழக்கம். பசி தீர்ந்ததும் மேய்வதை நிறுத்து. மோதல் முடிந்ததும் பகையை விட்டுப் பக்கத்திலேயே நின்று மேய். மூன்றாவதுதான் பெரியது: தண்ணீரில் ஒருவர் தலை குனிந்தால் இன்னொருவர் தலை நிமிர்ந்து காவல் நில். ஏன் என்றால், மான்கள் குடிக்கிற குளத்தைச் சுற்றி நாணல். நாணலுக்குள் சிங்கம். குனிந்தவர் குடித்துவிட்டு நிமிர, நின்றவர் குனிந்து குடிக்க, இப்படி முறை மாறிக்கொண்டே இருக்கும். இதில் பெரிய மான், சின்ன மான் என்ற பேச்சே கிடையாது.

ஒரு கோடையில் குளம் வற்ற ஆரம்பித்தது. சேற்றில் மான்குட்டிகளின் கால் புதைந்தது. நம் ஆள், தண்ணீர் எங்கேதான் போயிற்று என்று பார்ப்போமே என, குளத்துக்கு நீர் வருகிற ஓடையைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி நடந்தான். ஓடை ஒரு வாய்க்காலில் முட்டியது. வாய்க்கால் ஒரு புது மதகில் முட்டியது. மதகு பட்டணத்து வாசலில் இருந்தது. ஆக, அவன் நேரே கிஷாரி பட்டணத்துக்கே வந்து சேர்ந்தான்.

அன்றைக்குப் பார்த்து வாசலில் எள் விழ இடமில்லை. ராஜா மல்யுத்தம் செய்கிற நாள் அது. அந்த மல்யுத்தத்தின் அழகைக் கேளுங்கள். எதிரே வருகிற மல்லன், ராஜாவின் விரல் படுவதற்கு முன்னாலேயே பொத்தென்று விழுவான். ராஜா அவன் கழுத்தில் காலை வைப்பார். ஊர் "ஓ!" என்று கத்தும். அடுத்தவன் வருவான், அவனும் விழுவான். தோற்பதற்கே பழகின ஊர். ஜெயித்து ஜெயித்து அந்த ராஜாவுக்கு முகத்தில் சிரிப்பே செத்துப் போயிருந்தது.

காட்டு மனிதன் கூட்டத்துக்குள் நுழைந்து, "தண்ணீரை எடுத்தது யார்?" என்று கேட்டான்.

எவனோ ஒரு வாய்த்துடுக்குக்காரன், "அதோ நிற்கிறாரே, அவர்தான். கீழே தள்ளிவிட்டுக் கேள், கொடுப்பார்" என்று சொல்லிவைத்தான்.

கிண்டல் என்று ஒன்று உலகத்தில் இருப்பது மான்களுக்குத் தெரியுமா? இவன் நேரே போனான். தலையைத் தாழ்த்தினான். முட்டினான். ராஜா திரும்ப முட்டினார். அப்பாடா, ஒரு தடவையாவது நிஜமாக மோதினார்! புழுதி பறந்தது, மதில் ஓரத்து நாய்கள் ஓடிப்போயின. கடைசியில் ராஜா மல்லாந்து கிடந்தார்.

ராஜா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். இப்போது கழுத்தில் கால் வரும், இத்தனை பேருக்கு நாம் வைத்த கால் நமக்கே வரும் என்று காத்துக் கிடந்தார்.

கால் வரவில்லை. பக்கத்தில் ஏதோ சரசரவென்று சத்தம் கேட்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். காட்டு மனிதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கைப்பிடி புல்லை நீட்டிக்கொண்டிருந்தான்.

"இது என்னடா?"

"புல். சண்டைதான் முடிந்துவிட்டதே. மேய்."

ராஜா சிரித்தார். முதலில் மூக்கால் சிரித்தார், அப்புறம் வயிற்றால் சிரித்தார், அப்புறம் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். ராஜா சிரித்தால் எப்படி இருக்கும் என்று ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. அப்போதே ஆள் அனுப்பி மதகைத் திறந்துவிட்டார். குளத்துக்குத் தண்ணீர் ஓடியது. "என்னோடு இருந்துவிடேன்" என்று காட்டு மனிதனைக் கேட்டார். கேட்ட குரலில் ராஜாங்கம் இல்லை. ஆசைதான் இருந்தது. அவனுக்கும் இவரைப் பிடித்துப் போயிற்று. சரியென்று இருந்துவிட்டான்.

வாசலுக்குப் பக்கத்தில் வாற்கோதுமைக் கள் காய்ச்சி விற்கிற நின்பாரா என்ற பெண்பிள்ளை இருந்தாள். வாய் கத்தி, கை கருணை. அவனைக் குளிப்பாட்டி மனிதனாக்குகிற பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. "அடேய் காட்டானே, ஆடாதே! உன் சடைக்குள் குருவிக் கூடே இருக்கிறதடா!" என்று திட்டிக்கொண்டே சடையை வெட்டினாள், எள்ளெண்ணெய் தேய்த்தாள், ரொட்டி கொடுத்தாள். அவன் ரொட்டியை முகர்ந்து பார்த்து, "இது எந்தப் புல்?" என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மஷ்தா என்று பெயர் வைத்தாள். அந்த ஊர்ப் பேச்சில் மஷ்தா என்றால் மான்.

அன்றைக்கு அரண்மனையில் விருந்து. ராஜா உட்கார்ந்து பாத்திரத்தை வாயில் வைத்தார். மஷ்தா உட்காரவில்லை. ராஜாவுக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டி, தலையை நிமிர்த்தி, வாசலைப் பார்த்து நின்றான்.

"சாப்பிடாமல் என்ன செய்கிறாய்?" என்றார் ராஜா.

"நீ குடிக்கிறாய். நான் பார்த்துக்கொள்கிறேன். முடித்துவிட்டுச் சொல். அப்புறம் நீ நில், நான் குடிக்கிறேன். இது முறை."

மந்திரி உபார் தாடியைக் கடித்துக்கொண்டார். ஒரு ராஜா எழுந்து நின்று, ஒரு காட்டானுக்குக் காவல் காப்பதா? ராஜாவோ பாத்திரத்தைக் கீழே வைத்தார், வாயைத் துடைத்தார், எழுந்தார். மஷ்தாவுக்கு முதுகு கொடுத்து வாசலைப் பார்த்து நின்றார். மஷ்தா குனிந்து, சுற்றுமுற்றும் பார்க்காமல், மடக் மடக்கென்று குடித்தான்.

அன்றுமுதல் அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் ஒருவர் குடித்தால் ஒருவர் நிற்பார். மத்தியானம் ஒருவர் தின்றால் ஒருவர் நிற்பார். ராத்திரி ஒருவர் படுத்தால் ஒருவர் நிற்பார். சோறு ருசித்தது ராஜாவுக்கு. தூக்கமும் வந்தது. ஆயிரம் காவல்காரர்கள் இருந்தபோது வராத தூக்கம், ஒரே ஒருவன் முதுகைப் பார்த்ததும் வந்தது.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மந்திரி உபார் போகிற இடமெல்லாம் சொன்னார்: "நம் மகாராஜா இப்போது காட்டானுக்குக் காவல்காரர்!" சபையில் பல்லைக் காட்டாமல் சிரித்தார்கள். மஷ்தாவுக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. ராஜாவின் முகம் வாடுவது மட்டும் தெரிந்தது. ஏதோ பட்டணத்து வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

ஒருநாள் மஷ்தாவுக்குத் தன் கூட்டத்தைப் பார்க்க ஏக்கம் வந்தது. "வா, உன் வீட்டை எனக்குக் காட்டு" என்று ராஜாவும் கிளம்பினார். இரண்டு பேர் மட்டும். வில்லையும் தோளில் போட்டுக்கொண்டார். "வில் எதற்கு?" என்று மஷ்தா கேட்டான். "பழக்கம்" என்றார் ராஜா.

வெயிலில் வெகுதூரம் நடந்து குளத்துக்கு வந்தார்கள். ராஜா வில்லை ஒரு மரத்தில் சாய்த்தார். முதலில் அவர் குனிந்து குடித்தார், மஷ்தா நின்றான். அப்புறம் மஷ்தா குனிந்தான், ராஜா நின்றார். தன் ஊர்த் தண்ணீர் இல்லையா, மஷ்தா முகம் முழுக்க உள்ளே விட்டுக் குடித்தான்.

அப்போதுதான் எதிர்க்கரையில் அது வந்தது. வெள்ளைக் கலைமான். வாள் போல நெடிய கொம்பு. மஷ்தாவோடு ஒரே மடியில் பால் குடித்து வளர்ந்தது அது. ராஜாவுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் உபாரின் சிரிப்பு ஒன்றுதான். இந்தக் கொம்பைக் கொண்டுபோய்ச் சபையில் மாட்டினால் அத்தனை வாயும் அடைத்துப் போகும் என்று தோன்றிவிட்டது. கண் இமைக்கிற நேரம்தானே? வில்லை எடுக்க மரத்தை நோக்கி நாலு எட்டு வைத்தார்.

பாருங்கள், பிறந்ததிலிருந்து அவரை மற்றவர்கள்தான் காத்தார்கள். காவல் நிற்கிறவன் நாலு எட்டு நகர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நாணலுக்குள் கிடந்த சிங்கம் பாய்ந்தது.

மஷ்தா நிமிரவே இல்லை. நிமிர வேண்டிய அவசியம் என்ன, அது ராஜாவின் முறையல்லவா? நகம் முதுகில் இறங்கிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அலறல் கேட்டு ராஜா ஓடிவந்து அம்பு விட்டார். சிங்கம் நொண்டிக்கொண்டு ஓடியது. வெள்ளை மானும் ஓடியது. தண்ணீர் சிவந்து கிடந்தது.

மஷ்தா அவரைப் பார்த்தான். கையிலிருந்த வில்லைப் பார்த்தான்.

ராஜா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டே பட்டணம் சேர்ந்தார். நின்பாரா புண்ணைக் கழுவிக் கள்ளின் அடிமண்டியை வைத்துக் கட்டினாள். ராஜாவைப் பார்த்து, "ஒரு மானை நம்பினால் மான் நிற்கிறது. ஒரு ராஜாவை நம்பினால்?" என்று கேட்டாள். ராஜா தலை குனிந்தார். மந்திரிகள் கேட்டிருந்தால் அவள் நாக்கு மிஞ்சியிருக்காது. ஆனால் ராஜா அவளைத் தடுக்கவே இல்லை. மஷ்தாவின் படுக்கையை விட்டு அவர் நகரவும் இல்லை.

புண் ஆறியது. முதுகில் மூன்று நீளத் தழும்பு நின்றது. மஷ்தா எழுந்து நடந்தான், சிரித்தான், பேசினான். ராஜாவின்மேல் அவனுக்குக் கோபமே கிடையாது. ஆனால் தண்ணீர் கொடுத்தபோது, ராஜா எழுந்து காவல் நின்றபோது, மஷ்தா ஒரு வாய் குடித்தான், தலையைத் தூக்கிப் பின்னால் பார்த்தான். இன்னொரு வாய் குடித்தான், பின்னால் பார்த்தான். மூன்றாவது வாய் தொண்டையில் இறங்கவே இல்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டான்.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. கழுத்து அவன் சொன்னபடி கேட்கவில்லை, அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட ராஜா தாங்கியிருப்பார். இதைத் தாங்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

விடிந்ததும் மஷ்தா மான்களிடமே போய்விட்டான்.

அங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? அவன்மேல் ரொட்டி வாசனை, எள்ளெண்ணெய் வாசனை. மோப்பம் பிடித்ததும் மான்கள் ஓட்டம் பிடித்தன. பால் கொடுத்த தாயும் ஓடியது, கூடப் பால் குடித்த வெள்ளை மானும் ஓடியது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்தக் கதை. ஒண்டியாகக் குளத்தங்கரைக்கு வருவான். ஒரு வாய் குடிப்பான், நிமிர்வான். நாணல் ஆடினால் எழுந்து ஓடுவான். தனியாகக் குடிக்கிற பிராணி தாகம் தீரக் குடிக்க முடியாது, கேட்டுக்கொள்ளுங்கள். குளம் நிறையத் தண்ணீர் கிடக்க, அவன் தாகத்தால் வாடினான். விலா எலும்பு தெரிந்தது, உதடு வெடித்தது. இன்னும் கொஞ்ச காலம் போனால் சிங்கத்துக்கு வேலையே வைக்காமல் அவனாகவே விழுந்துவிடுவான்.

ஆடு மேய்க்கிறவர்கள் வழியாக ராஜாவுக்குச் சேதி போயிற்று. முதலில், குளத்தைக் காவல் காக்க ஒரு படையை அனுப்பினார். ஈட்டிகள் மின்னுவதைப் பார்த்து மஷ்தா நாணலுக்குள் ஒளிந்துகொண்டான். இரண்டாவது, வெள்ளிக் குடத்தில் அரண்மனைத் தண்ணீரை அனுப்பினார். குடத்தைக் கரையில் வைத்துவிட்டுப் போனார்கள். மஷ்தா அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தான், பின்னால் திரும்பிப் பார்த்தான், விட்டுவிட்டுப் போனான்.

மூன்றாவது, ராஜாவே வந்தார்.

நாணலுக்குள்ளிருந்து மஷ்தா பார்த்தான். தலையில் கிரீடம் இல்லை, தோளில் வில் இல்லை. கையில் ஒரு பேரீச்ச மட்டை மட்டும். வந்தார், கரையில் நின்றார், தண்ணீருக்கு முதுகைக் காட்டினார். தலையை நிமிர்த்தி நாணலைப் பார்த்தார். அவனைக் கூப்பிடவில்லை. மன்னித்துக்கொள் என்றும் சொல்லவில்லை. நின்றார், அவ்வளவுதான்.

வெயில் ஏறியது. ராஜாவின் நெற்றி வேர்த்தது, பிறகு வேர்வையும் வற்றியது. முதுகுக்குப் பின்னால் குளம் சலசலக்கிறது, அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. யாரும் குடிக்காத குளத்துக்கு ஒருவர் காவல் நிற்கிறாரே என்று மஷ்தாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. 'குடித்துத் தொலையேன், ராஜா' என்று மனசுக்குள் சொன்னான். மனசு கேட்கவில்லை, கண்ணும் கலங்கியது.

அப்போது வெள்ளை மான் வந்தது. தாகம் பயத்தைவிடப் பெரியது. அசையாமல் நிற்கிற ஆளை மரம் என்று நினைத்ததோ என்னவோ, அவருக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றது. அந்தக் கொம்பின் நிழல் அவர் மார்பில் விழுந்தது. மஷ்தா மூச்சைப் பிடித்துக்கொண்டான். ராஜாவின் கண் நாணலை விட்டு நகரவில்லை. மான் குனிந்தது, வயிறு நிறையக் குடித்தது, நிதானமாகப் போயிற்று.

மஷ்தா எழுந்தான். நாணலை விலக்கிக்கொண்டு வந்தான். அவர் முதுகுக்குத் தன் முதுகைக் காட்டி மண்டியிட்டுத் தண்ணீரில் தலை குனிந்தான்.

ஒரு வாய் குடித்தான். இரண்டாவது வாய் குடித்தான்.

மூன்றாவது வாயின்போது நாணல் பிளந்தது. அதே சிங்கம், நொண்டிக் கால் சிங்கம். உறுமியது. குளமே அதிர்ந்தது.

ஓடு என்று ராஜாவின் கால் சொன்னது. ஆனால் ஓரடி முன்னால் வைத்தார், பின்னால் வைக்கவில்லை. மட்டையை ஓங்கினார். "முதலில் என்னைத் தின்றுவிட்டுப் போ!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கிஷாரியின் ராஜா வாழ்க்கையில் போட்ட முதல் நிஜமான கூச்சல் அது. சிங்கம் பார்த்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. அம்பு பட்ட கால் அதற்கும் வலித்திருக்கும். வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

மட்டை கையிலிருந்து விழுந்தது. ராஜா அப்போதும் திரும்பவில்லை. நாணலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"மஷ்தா... உறுமல் கேட்டதா?"

"கேட்டது."

"பிறகு ஏன் நிமிரவில்லை?"

மஷ்தா இன்னும் கொஞ்சம் குடித்தான். வயிறு முட்ட, தாகம் முழுக்கத் தீரக் குடித்தான். பிறகு நிமிர்ந்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நான் ஏன் நிமிர வேண்டும்? உன் முறைதானே."

ராஜா அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி விசும்பினார். மஷ்தா அவர் தோளைத் தட்டி, "போதும், எழுந்திரு. உதடெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. இப்போது நீ குடி, நான் நிற்கிறேன்" என்றான். ராஜா குனிந்து குடித்தார். தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தது, அது குளத்தின் குற்றம் இல்லை.

இருவரும் பட்டணத்துக்குத் திரும்பினார்கள். கோடை வந்தபோதெல்லாம் குளத்துக்கு மதகு திறந்தது. சபையில் ராஜா காவல் நிற்க எழுந்தபோது உபார் ஒருதரம் வாயைத் திறந்தார். மஷ்தாவின் முதுகுத் தழும்பை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. உபார் திறந்த வாய்க்குள் ஒரு பேரீச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். கிழவர்களாகும் வரைக்கும் அந்த இருவரும் அப்படித்தான் சாப்பிட்டார்களாம், ஒருவர் குனிய ஒருவர் நிற்க.

கதை என் கையை விட்டு உங்கள் கைக்கு வந்துவிட்டது, அதன் சாரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்:

நம்மை நம்பி ஒருவன் தலை குனிந்திருக்கும்போது, அவனுக்காகக் கண்ணை எடுக்காமல் தலை நிமிர்ந்து நிற்பதே நட்பு.